அம்பாசிடரில் ஒரு வால்வு ரேடியோ: உள்ளே என்ன நடக்கிறது, எப்படி ஓட வைப்பது

தம்பி, உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். அம்பாசமுத்திரத்து வீட்டில் தாத்தா ஓட்டிய 60-களின் அம்பாசிடர் நிற்கிறது. டாஷ்போர்டில் நல்ல கனமான ஒரு ரேடியோ. குமிழைத் திருகியதும் முதலில் ஒரு ரீங்காரம் கேட்கும், அரை நிமிடம் கழித்துத்தான் பாட்டு வரும் என்று அப்பா சொல்கிறார். அந்த ரீங்காரம் என்ன? கார் பேட்டரியில் வால்வு எப்படி ஓடியது? இலங்கை வானொலி அதில் அவ்வளவு தெளிவாக எடுத்தது எப்படி? இனி அதைப் பாட வைக்க முடியுமா, இல்லை முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே ப்ளூடூத் போர்டு போட்டுவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தயவுசெய்து உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிடாதீர்கள். அரை நிமிடம் கழித்துப் பாட்டு வந்தது என்றால் அது வால்வு செட், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதிலாக, சூடேறினால்தான் வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்கள் சிக்னலைப் பெருக்கும் செட். ரீங்காரம் கேட்டது என்றால் வைப்ரேட்டர் செட், பேட்டரி மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கத் துடிக்கும் ஓர் உறுப்பு அதில் உண்டு, கீழே விளக்குகிறேன். இந்த வகையில் கெட்டுப்போவது பெரும்பாலும் கண்டன்சர்களும் (மின்சாரத்தைத் தேக்கி விடும் உறுப்புகள்) வைப்ரேட்டரும்தான், இரண்டுக்கும் இன்று மாற்று உண்டு. காயில்கள், டிரான்ஸ்பார்மர், டயல், ஸ்டேஷன் பட்டன்களின் இயந்திரம் இவற்றுக்குத்தான் மாற்றுக் கிடைப்பது கஷ்டம். நல்லவேளையாக அவை எளிதில் கெடுவதும் இல்லை.

காரைப் போல ரேடியோவுக்கு ஒத்துவராத இடம் வேறு இல்லை. மின்சாரம் குறைந்த வோல்ட்டில் வருகிறது. இரண்டடி தள்ளி ஸ்பார்க் பிளக் வெட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி குலுங்குகிறது. ஏரியல் ஒரு மீட்டர் கம்பி. ஊருக்கு ஊர் சிக்னல் மாறுகிறது. அந்தப் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு உறுப்பும் இந்தத் தொல்லைகளில் ஏதோ ஒன்றுக்குப் பதிலாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கத் தெரிந்தால் பிழை கண்டுபிடிப்பதும் சுலபம்.

முதலில் மின்சாரம். அந்தக் கால வால்வுகளில் எலக்ட்ரான்களை இழுக்கும் தகடான பிளேட்டுக்கு 200, 250 வோல்ட் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) தேவை. காரில் இருப்பதோ 6 அல்லது 12 வோல்ட். டிரான்ஸ்பார்மர் வைத்து ஏற்றலாம் என்றால் டி.சி.யில் டிரான்ஸ்பார்மர் வேலை செய்யாது. மின்சாரம் மாறிக்கொண்டே இருந்தால்தான் ஒரு சுற்றிலிருந்து மறு சுற்றுக்குக் கடத்தும். ஆரம்பத்தில் இதற்கு வழியில்லாமல் கார் தரைக்கு அடியில் தனியாக உயர்வோல்ட் பேட்டரிகளை வைத்து ஓட்டினார்கள். அமெரிக்காவில் பால் கால்வினின் கம்பெனி 1930-ல் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்க ஆரம்பித்தது. ஐரோப்பாவில் 1932-ல் ப்ளாபுங்க்ட் ஏஎஸ் 5 வந்தது. 30-களில் வைப்ரேட்டர் பரவிய பிறகுதான் கார் பேட்டரி ஒன்றிலேயே செட் முழுவதும் ஓடுவது வழக்கமானது.

வைப்ரேட்டர் என்பது சுமார் மூன்று அங்குல உயரமுள்ள ஓர் உருளை டப்பா, வால்வு மாதிரியே சாக்கெட்டில் செருகிக் கழற்றலாம். உள்ளே மெல்லிய எஃகு நாக்கு ஒன்று, பக்கத்தில் ஒரு மின்காந்தச் சுருள். பழைய காலிங் பெல்லில் சுத்தி துடிக்கிற அதே தந்திரம்தான்: சுருள் நாக்கை இழுக்கும், இழுத்ததும் சுருளின் மின்சாரம் அறுந்துவிடும், நாக்கு திரும்ப வரும், மறுபடி இழுபடும். வினாடிக்கு ஏறக்குறைய 100 முதல் 115 தடவை. நாக்கு இந்தப் பக்கம் தொடும்போது பேட்டரி மின்சாரம் டிரான்ஸ்பார்மர் முதல் சுற்றின் ஒரு பாதியில் ஓடும். அந்தப் பக்கம் தொடும்போது மறு பாதியில், எதிர்த் திசையில். இப்படி டி.சி.யை வெட்டி வெட்டி ஏ.சி. ஆக்கிக் கொடுத்ததும் டிரான்ஸ்பார்மர் அதை 200 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவிடும். 6எக்ஸ்4 அல்லது 12எக்ஸ்4 மாதிரி ஒரு ரெக்டிஃபையர் வால்வு அதைத் திரும்ப டி.சி. ஆக்கும். சில செட்டுகளில் ரெக்டிஃபையர் வால்வே இருக்காது. வைப்ரேட்டரிலேயே இன்னொரு ஜோடி தொடுமுனை வைத்து அந்த வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அப்பா சொன்ன ரீங்காரம் இந்த நாக்கு துடிக்கும் சத்தம். குமிழைத் திருகிய நொடியிலேயே நாக்கு ஆட ஆரம்பித்துவிடும். வால்வுக்குள் இருக்கும் கேதோடு சூடேறி எலக்ட்ரான் விட 20, 30 வினாடி ஆகும். அதனால்தான் முதலில் ரீங்காரம், பிறகு பாட்டு. டப்பாவின் உள்ளே ரப்பர் பஞ்சு சுற்றிச் சத்தத்தை அடக்கியிருப்பார்கள். வருடக்கணக்கில் அந்த ரப்பர் கெட்டுப்போனால் ரீங்காரம் கூடும்.

இந்தச் சுற்றில் இருக்கும் ஒரு சின்ன உறுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கார் ரேடியோக்கள் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். டிரான்ஸ்பார்மரின் உயர்வோல்ட் பக்கத்தில் ஒரு கண்டன்சர் இருக்கும், பஃபர் கண்டன்சர் என்பார்கள். நாக்கு ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் தொடுவதற்கு இடைப்பட்ட நேரத்தில் மின்சாரம் திடீரென்று அறுகிறது அல்லவா, அப்போது டிரான்ஸ்பார்மர் பெரிய வோல்ட்டைத் தெறிக்கவிடும். அந்தத் தெறிப்பை வாங்கிக்கொண்டு, அடுத்த பக்கம் நாக்கு தொடும்போது வோல்ட் சரியான இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பஃபரின் வேலை. மதிப்பு மிகச் சின்னது, 0.005 முதல் 0.01 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். தாங்கும் வோல்ட் மட்டும் 1600 அல்லது அதற்கு மேல் வேண்டும். இது கசிய ஆரம்பித்தால் வைப்ரேட்டரின் தொடுமுனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஃபியூஸ் போகும். பெரிய ஃபியூஸாகப் போட்டால் டிரான்ஸ்பார்மரே போகும். புது வைப்ரேட்டர் வாங்கிச் செருகிவிட்டு பஃபரை மாற்றாமல் விட்டால் புதியதும் அதே வழியில் போகும். இன்னொன்று, 'கூட இருந்தால் நல்லதுதானே' என்று பெரிய மதிப்பாகப் போடவும் கூடாது. அந்த டிரான்ஸ்பார்மருக்கு என்ன மதிப்பு போட்டிருந்தார்களோ அதுதான்.

சரி, இனி ஏரியல். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் வந்தது. பின்னாளில் நமக்கெல்லாம் மனப்பாடமான 1197 கிலோஹெர்ட்ஸில் அலையின் நீளம் 250 மீட்டர். அதைப் பிடிக்க காரில் இருப்பது ஒரு மீட்டர் கம்பி. வீட்டு டிரான்சிஸ்டரில் உள்ளே ஃபெரைட் ராடு இருக்கும், சுருள் சுற்றிய அந்தக் கட்டைதான் அதற்கு ஏரியல். காரில் அதை வைக்க முடியாது, தகர பாடி சிக்னலை மறைத்துவிடும். வண்டி திரும்பும் திசைக்கெல்லாம் ஸ்டேஷன் ஏறி இறங்கவும் செய்யும். ஆகவே வெளியே நட்ட கம்பிதான் வழி. அலை நீளத்தோடு பார்த்தால் அந்தக் கம்பி வெறும் ஒரு குட்டிக் கண்டன்சர்தான். அது பிடிக்கிற கொஞ்சத்தையும் கம்பியிலிருந்து செட்டுக்கு வருகிற வயர் தின்றுவிடக்கூடாது. அதற்காக கார் ஏரியல் வயரை உள்ளே காற்று நிறைய இருக்கும்படி, நடுவில் முடி போன்ற மெல்லிய கம்பியோடு செய்தார்கள். இது அறுந்துபோனால் நம்மூரில் உடனே கேபிள் டி.வி. வயரை வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதன் கெப்பாசிட்டி அதிகம். டயலின் மேல்பகுதி ஸ்டேஷன்கள் செத்துவிடும்.

ஏரியல் கொடுக்கும் சிக்னல் இவ்வளவு மெலிது என்பதால் நல்ல கார் செட்டுகளில் ஒரு வால்வு கூடுதலாக வைத்தார்கள். ஸ்டேஷனின் அலைவரிசையிலேயே ஒருமுறை பெருக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் மிக்சருக்கு அனுப்புவார்கள். மிக்சரில் செட்டின் உள்ளேயே உண்டாக்கும் இன்னொரு அலையோடு கலந்து, எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் ஒரே இடைநிலை அலைவரிசைக்கு இறக்குவார்கள். வீட்டு செட்டுகளில் அது பொதுவாக 455 கிலோஹெர்ட்ஸ் பக்கம். 1197-ஐ வைத்தால் உள்ளே 1652 ஓடும், வித்தியாசம் 455. அமெரிக்க கார் செட்டுகள் பலவற்றில் 262 வைத்தார்கள். அலைவரிசை தாழ்ந்திருந்தால் ஒரு வால்விலிருந்து கூடுதல் பெருக்கமும் கிடைக்கும், பக்கத்து ஸ்டேஷனை விலக்குவதும் எளிது.

இலங்கை வானொலி பற்றிக் கேட்டீர்கள். அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களை நம் ஜில்லா முழுக்க வீட்டு ஆட்களின் குரல் மாதிரி அறிந்திருந்ததற்கு நிகழ்ச்சிகளின் தரம் ஒரு காரணம் என்றால், மன்னார் வளைகுடா இன்னொரு காரணம். பகலில் மீடியம் வேவ் தரையை ஒட்டித்தான் போகும். தரை எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறதோ அவ்வளவு தூரம் தேயாமல் போகும். உப்புத் தண்ணீரை மிஞ்சி எந்த மண்ணும் கடத்தாது. இலங்கைக் கரையில் கிளம்புகிற அலை வளைகுடாவைக் கடந்து உவரி, திருச்செந்தூர், தூத்துக்குடிக் கரையில் ஏறும்போது அதிகம் இழந்திருக்காது. அதே அலை உள்ளே வர வர நிலத்தின் குணம் தெரியும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டின் காய்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. தாமிரபரணிப் பாசனத்தின் ஈரவயல் அதைவிட எவ்வளவோ மேல். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை மலையில் ஏறினால் மலை குறுக்கே நின்று மறைக்கும். பொழுது சாய்ந்த பிறகு வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துகொள்ளும். அப்போது தூரத்து ஸ்டேஷன்கள் எல்லாம் எட்டிப்பார்க்கும், ஆனால் இரண்டு வழியாக வருகிற அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் விளையாடுவதால் சத்தம் ஏறி இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கத்தான் தானியங்கி வால்யூம் கட்டுப்பாடு. வருகிற சிக்னல் பலமாக இருந்தால் அதிலிருந்தே ஒரு நெகட்டிவ் வோல்ட் எடுத்து முன்னால் இருக்கும் வால்வுகளின் பெருக்கத்தைக் குறைக்கும், சிக்னல் மெலிந்தால் தளர்த்திவிடும். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் கீழ்த்தளத்தின் வழியே போகும்போது மேலே இருக்கும் கான்கிரீட்டும் கம்பியும் சிக்னலைக் குறைக்கும். பாட்டின் அளவு மாறாமல் பின்னணியில் இரைச்சல் மட்டும் கூடுவதைக் கவனித்தால் இந்தச் சுற்று வேலை செய்வது காதுக்கே தெரியும்.

குலுக்கலுக்கு என்ன செய்தார்கள்? வீட்டு ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுவது கேங் கண்டன்சர், அலுமினியத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். குண்டும் குழியுமான ரோட்டில் அந்தத் தகடுகள் அதிர்ந்தால் ஸ்டேஷனே ஆடும், தூசி புகுந்தால் கரகரக்கும். அதனால் நிறைய கார் செட்டுகளில் கண்டன்சரை அசையாமல் வைத்துவிட்டு, காயிலுக்குள் இரும்புத்தூள் கட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி ஸ்டேஷன் பிடித்தார்கள். உங்கள் செட்டில் ஐந்து பட்டன் இருந்தால் அவையும் இந்தக் கட்டைகளைத்தான் தள்ளுகின்றன. ஸ்டேஷனைக் குமிழால் பிடித்துவிட்டு, ஒரு பட்டனை வெளியே இழுத்து, பிறகு நன்றாக உள்ளே அமுக்கினால் அந்த இடத்தை அது நினைவில் வைத்துக்கொள்ளும். முழுக்க முழுக்க இயந்திரம். மின்சாரமே இல்லாமல் நினைவு வைத்துக்கொள்ளும் இந்த அமைப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. அறுபது வருடம் கழித்தும் தாத்தா வைத்த இடத்தில் அது அப்படியே இருக்கக்கூடும். சுத்தம் செய்கிறேன் என்று பட்டன்களை இழுத்துப் பார்ப்பதற்கு முன்னால், ஒவ்வொன்றையும் அமுக்கி முள் எங்கே போய் நிற்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் இரைச்சல். மீடியம் வேவில் பாட்டு, அலையின் உயரத்தில் ஏறி வருகிறது. பிளக்கின் பொறியும் உயரத்தைத்தான் கெடுக்கும், ஆகவே செட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது. இரைச்சலைப் பிறந்த இடத்தில்தான் அடக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் கூடும் டிக்டிக் சத்தம் பிளக்கிலிருந்து வருவது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவயரில் 10,000 ஓம் அளவிலான சப்ரசர் (பொறியின் இரைச்சலை அடக்கும் மின்தடை) இருக்கிறதா பாருங்கள். மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் ஊளை டைனமோவுடையது. அதன் வெளியீட்டு முனைக்கும் பாடிக்கும் நடுவில் அரை மைக்ரோஃபாரட் கண்டன்சர் போட்டால் அடங்கும். ஃபீல்டு முனையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ரெகுலேட்டர் தொடுமுனை கெடும். பானட்டுக்கும் பாடிக்கும் நல்ல எர்த் இருந்தாலே பாதி இரைச்சல் குறையும். டீசல் அம்பாசிடரில் பிளக் பொறியே கிடையாது என்பதால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி அதற்கு இல்லை.

இதற்கு அடுத்த தலைமுறை செட்டுகளைப் பற்றியும் சொல்கிறேன், உங்களுடையது நடுவில் மாற்றப்பட்டிருக்கலாம். 50-களின் பாதியில் வைப்ரேட்டரை ஒழிக்க வழி கிடைத்தது. பிளேட்டுக்கு 12 வோல்ட்டே போதும் என்று தனி வால்வுகள் செய்தார்கள், ஐரோப்பியச் செட்டுகளில் ஈசிஎச்83, ஈபிஎஃப்83 என்று எழுதியிருக்கும். ஸ்பீக்கரை ஓட்ட மட்டும் ஓசி26 போன்ற ஜெர்மானியம் பவர் டிரான்சிஸ்டர். வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்த இந்தச் செட்டுகளிலும் வால்வு சூடேறக் காத்திருக்க வேண்டும், ஆனால் ரீங்காரம் இருக்காது. முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடும் கார் ரேடியோவை ஃபில்கோ கம்பெனி கிரைஸ்லருக்காக 1955-ல் கொண்டுவந்தது. ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. சூடேறினால் கூடுதல் மின்சாரம் இழுக்கும், இழுத்தால் இன்னும் சூடேறும், கடைசியில் தானே எரிந்துபோகும். நம் ஊர் மே மாதத்தில் பகல் முழுக்க வெளியே நின்ற காரின் டாஷ்போர்டு எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் செட்டுகளில் பவர் டிரான்சிஸ்டர் பூட்டிய தகட்டைப் பெயிண்ட் அடித்தோ துணி சுற்றியோ மூடாதீர்கள், ஓடும்போது ஸ்பீக்கர் வயரைக் கழற்றவும் கூடாது. ஏஎஃப்114 முதல் 117 வரை உள்ள சின்ன டிரான்சிஸ்டர்களில் வேறொரு நோய் உண்டு. டப்பாவுக்குள் முடி போன்ற மெல்லிய தகர இழை முளைத்து உள்ளே ஷார்ட் ஆகும்.

கேசட் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிலிப்ஸ் 1963-ல் கொண்டுவந்த கேசட்டில் டேப் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். பேட்டரி வோல்ட் 12-க்கும் 14-க்கும் நடுவில் ஆடினாலும் அந்த வேகம் மாறாமல் வைத்திருப்பதுதான் கார் டெக்கின் முழுப் பாடு. அவற்றில் இன்று பெரும்பாலும் கெட்டிருப்பது ரப்பர் பெல்ட், தார் மாதிரி உருகியிருக்கும்.

இப்போது உங்கள் செட்டை எழுப்பும் வழி. காரிலேயே வைத்து ஸ்விட்ச் போட்டுப் பார்க்க வேண்டாம். வெளியே எடுங்கள். மேலே 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். காரில் பேட்டரியின் எந்த முனை பாடியில் பூட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு போன்ற அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் வழக்கம், உங்கள் வண்டி அந்த வழியில் வந்தது. பின்னாளில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். தனி ரெக்டிஃபையர் வால்வு உள்ள வைப்ரேட்டர் செட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. தானே ரெக்டிஃபை செய்யும் வைப்ரேட்டருக்கும் டிரான்சிஸ்டருக்கும் முனை மாறினால் சேதம்.

பிறகு பஃபர், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) போகும் கப்ளிங் கண்டன்சர், பவர் பக்கத்துப் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள், இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரிதானே என்று அலட்சியம் வேண்டாம், உள்ளே 250 வோல்ட் இருக்கிறது, அணைத்த பிறகும் கண்டன்சரில் நிற்கும். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது வரிசையில் ஒரு கார் ஹெட்லைட் பல்பைப் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்திவிடலாம். மங்கலாக எரிந்து வைப்ரேட்டர் ஆடினால் நல்லது, பல்பை எடுத்துவிட்டு சரியான ஃபியூஸோடு கொடுங்கள். 12 வோல்ட் வால்வு செட் 3, 4 ஆம்பியர் இழுக்கும். வைப்ரேட்டர் அசையவே இல்லை என்றால் பயப்பட வேண்டாம், வருடக்கணக்கில் சும்மா கிடந்ததில் தொடுமுனையில் ஆக்சைடு படிந்திருக்கும். டப்பாவைத் திறந்து மெல்லிய எமரித்தாளால் ஒருமுறை லேசாகத் தேய்த்தால் பல நேரம் எழுந்துவிடும். எழாவிட்டால் அதே சாக்கெட்டில் செருகும் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) மாற்று வருகிறது. ரீங்காரம் இருக்காது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய வைப்ரேட்டரைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

இன்று நாட்டில் பல மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்திவிட்டார்கள். ஆகவே செட்டைக் காரில் மாட்டுவதற்கு முன்னால் சாதாரண டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் பகலில் என்ன வருகிறது, ராத்திரி என்ன வருகிறது என்று டயல் முழுக்கத் தேடிப் பாருங்கள். மாட்டிய பிறகு ஏரியலை முழுக்க நீட்டி, 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெலிதாக வருகிற ஸ்டேஷன் ஒன்றைப் பிடித்து, ஏரியல் சாக்கெட்டின் அருகில் இருக்கும் குட்டி டிரிம்மர் திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் உச்சத்துக்கு வரும் இடத்தில் விட்டுவிடலாம். இந்த ஒரு திருகைச் சரிசெய்யாமல்தான் பலபேர் 'செட் சரியாக எடுக்கவில்லை' என்று கைவிட்டுவிடுகிறார்கள். செட்டின் அடிப்பக்கத் தகட்டையும் வால்வுகளின் மேல் இருக்கும் எண்களையும் படம் எடுத்துப் போடுங்கள், பஃபரின் சரியான மதிப்பைப் பார்த்துச் சொல்கிறேன்.